இடிபாடும் செல்வமே

 

மன்னார்த் தீவு மணலும் சுண்ணக்கல்லும் கொண்ட நிலம். வீதிக்கு வேண்டிய கருங்கல் இங்கு இல்லை; பெருநிலத்தில் உடைத்துப் பாலங் கடந்தே கொண்டுவருகிறோம். 1990இல் அப்பாலம் தகர்க்கப்பட்டபின், 2010இல் புதுப்பாலம் திறக்கும்வரை நாம் பட்ட பாட்டை யார் மறப்பர்? அங்கே கிரவலுக்கு வெட்டும் குழிகளால் நட்டமடைபவனும் உழவனே.

ஆயினும், இடிக்கும் கட்டடங்களின் கொங்கிறீற்றைப் பள்ளத்திலே கொட்டி மறக்கிறோம்! 2004 ஆழிப்பேரலைக்குப் பின், காலியில் இடிபாடுகளை உடைத்துச் சல்லியாக்கும் நிலையம் அமைந்தது. வலுக்குறைந்த கொங்கிறீற்றில் சல்லி முழுவதற்கும் மாற்றாக இதனை இந்தியத் தரவிதி 2016இல் ஏற்றது.

பழைய சாந்து ஒட்டியிருப்பதால் இச்சல்லி நீரை மிகுதியாக உறிஞ்சும். கடலுப்பு ஏறியிருந்தால் இரும்பை அரிக்கும். ஆதலால் தூணுக்கும் உத்தரத்துக்கும் வேண்டாம். இரும்பில்லாத வீதி அடித்தளத்துக்கு ஏற்றது. கம்பி, மரம், அஸ்பெஸ்ரஸ் தகடு யாவும் நீக்கி, சலித்து, சோதித்தே இடல் வேண்டும்.

எமது கோரிக்கை ஒன்றே: மன்னார் வீதிகளின் கேள்விப்பத்திரங்களில் இச்சல்லிக்கும் இடமளிக்குக! இடிந்த சுவர் வீதியாகட்டும். உழவன் நிலம் உழவனுக்கே நிலைக்கட்டும்!