விறகுக் கட்டையில் ஒரு பாடம்

(பெண்ணாடத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று வகுப்பில் கேட்டால், சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு "கூலி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தக் கூலியில் மரம் வெட்டுவதும் விறகு பிளப்பதும் உண்டு. நம் மாவட்டத்தில் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேலம், மணற்பாங்கான ஊர்களில் சவுக்கு என்று வெட்டுக்கு மரம் கிடைக்கிறது. அந்த வேலைக்குள் நம் பாடப்புத்தகம் எவ்வளவு இருக்கிறது என்று சற்றுப் பார்ப்போம்.

முதலில் ஆப்பு. 15 செ.மீ. நீளமும் தலைப்பக்கம் 5 செ.மீ. கனமும் உள்ள இரும்பு ஆப்பின் எந்திர லாபம், உராய்வை விட்டுவிட்டால், 3. சம்மட்டி அடி கீழ்நோக்கி விழுகிறது. கட்டை பக்கவாட்டில் பிளக்கிறது. பழகியவர்கள் கணுவில் அடிக்கமாட்டார்கள். நார் ஓடும் வாக்குப் பார்த்து அடிப்பார்கள். கணுவில் கிளையின் நார் குறுக்கே பின்னிக்கிடப்பதே காரணம். இதைக் காட்ட வகுப்புக்குக் கோடாலி வேண்டாம். நம் ஊர்க் கரும்பு போதும். கணுவுக்குக் கணு இடைப்பகுதி எளிதாகப் பிளக்கும், கணு முரண்டு பிடிக்கும். ஆசிரியர் பிளந்து காட்டலாம்; பிறகு பிள்ளைகள் தின்றும் பார்க்கலாம்!

அடுத்தது கணக்கு. 14 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. நீளமும் உள்ள உருளைக் கட்டையின் வளைபரப்பு 2,200 ச.செ.மீ. இரு முனைகளையும் சேர்த்தால் 2,508. அதை நான்காகப் பிளந்தால் புதிதாக 2,800 ச.செ.மீ. பரப்பு வெளியே வருகிறது. காற்றுப்படும் பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். பட்டை ஈரத்தை எளிதில் வெளியே விடாது. பிளந்த முகம் விட்டுவிடும். பிளந்த விறகு சீக்கிரம் காய்வது இதனால்தான்.

காயாத விறகை எரித்தால் என்ன நட்டம்? ஒரு கிலோ பச்சை விறகில் பாதி நீர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 500 கிராம் நீரை 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 35,000 கலோரி வேண்டும். ஆவியாக்க, கிராமுக்கு 540 வீதம், 2,70,000 கலோரி. மொத்தம் 3,05,000. இதே வெப்பத்தில் நான்கு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். அவ்வளவும் விறகின் ஈரத்தைப் போக்கவே செலவாகிறது. மிச்சம் புகை, அதில் கண் எரிவது அடுப்பு ஊதும் அம்மாவுக்கு.

இந்தப் பாடத்தை நடத்தும்போது, "கூலி" என்று சொன்ன பிள்ளையிடம் கேளுங்கள்: எந்த மரம் சுலபமாகப் பிளக்கும்? எப்படி அடுக்கினால் சீக்கிரம் காயும்? அந்தப் பிள்ளை நிமிர்ந்து பதில் சொல்லும். நமக்குத் தெரியாததையும் சொல்லும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமை நிலையிலிருந்து அதிகாரிகள் மீட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல்! முன்பணம் வாங்கிய குடும்பம் வெட்டு நடக்கும் இடத்துக்கே குடிபோகும்போது, பிள்ளையும் கூடப் போய்விடுகிறது. அந்தக் குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு முதல் அடையாளம் நம் கையில் இருக்கிற வருகைப் பதிவேடுதான்.

ஆகவே, நாலைந்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். எங்கே போனார்கள், யார் அழைத்துப் போனார்கள் என்று விசாரித்துத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் 1098 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வெளியூரிலிருந்து மரம் வெட்ட வந்த குடும்பத்துப் பிள்ளை நம் வாசலுக்கு வந்தால், மாற்றுச் சான்றிதழுக்காகக் காக்க வைக்காதீர்கள். அது தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது.

ஆப்பின் பாடத்தைப் பிள்ளை வெட்டுக்காட்டில் பார்த்தே பழகிவிடும். அதற்குப் பெயரும் கணக்கும் தெரிந்துகொள்ளப் பள்ளிக்குத்தான் வரவேண்டும். வரவைப்பது நம் வேலை.