நெருப்பைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்



நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், நெருப்பை வடமொழியார் ‘அக்னி’ என்பர், ருஷ்யர் ‘ஒகோன்’ என்பர் என்று வகுப்பில் ஒருமுறை கூறினேன். “அப்படியாயின் ருஷ்யச் சொல் வடமொழியிலிருந்து பிறந்ததா, ஐயா?” என்று ஒரு மாணவன் வினவினான். சற்றும் ஆராயாமல் “ஆம்” என்று விடையிறுத்தேன். அவ்விடை பிழையானது. அதனைத் திருத்தவே இன்று பேசுகிறேன்.

ருஷ்யத்தில் ‘ஒகோன்’, போலிஷ் மொழியில் ‘ஒகியேன்’, செக் மொழியில் ‘ஒஹேன்’ என வழங்கும் சொற்களை ஒப்புநோக்கிய மொழிநூலார், அவற்றின் மூலவடிவம் ‘ஒக்னி’ என்று கண்டனர். அஃது ஆதி ஸ்லாவிய மொழிச் சொல். அம்மொழியில் எழுதப்பெற்ற ஏடு ஒன்றும் இல்லை. சிரில், மெத்தோடியஸ் என்னும் உடன்பிறந்தார் 863-இல் மொராவியா நாட்டுக்குப் புறப்பட்ட காலத்தையொட்டித்தான் ஸ்லாவிய நூல்கள் எழுதப்படலாயின. ஆகவே இத்தகைய சொல்லின்முன் ஓர் உடுக்குறி இடுவர். ‘ஏட்டில் கண்டதன்று, ஆராய்ந்து அமைத்தது’ என்பது அதன் பொருள்.

இனி இலக்கணம் காண்போம். இச்சொல்லின் ஈற்று இகரம் நம் குற்றியலிகரம்போல் மிகக் குறுகியது. பின்னாளில் அது மறைந்தது; மறையுமுன் தன் அயல்நின்ற னகரத்தை மென்மையாக்கிச் சென்றது. ஈற்றில் இரு மெய்கள் நெருங்கவே, ஒலிப்பு எளிதாதற்பொருட்டு இடையே ஓர் உயிர் புகுந்தது. ‘ஒகோன்’ பிறந்தது இவ்வாறே. வேற்றுமை உருபு சேருங்கால் அவ்வுயிர் வேண்டுவதில்லை. ‘நெருப்பினது’ என்பதற்கு ருஷ்யர் ‘ஒக்ன்யா’ என்பர். இச்சொல் ஆண்பால். இவ்வகை இகர ஈற்றுச் சொற்களுள் பெரும்பாலன பெண்பாலாதலின், இது நாளடைவில் வேறோர் ஆண்பால் வாய்பாட்டைத் தழுவிக்கொண்டது.

லத்தீனில் ‘இக்னிஸ்’, லித்துவேனியத்தில் ‘உக்னிஸ்’, வடமொழியில் ‘அக்னி’ ஆகியன இதன் உடன்பிறப்புகள். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியே இவற்றுக்குத் தாய்.

வடமொழியே தாய் என்று கொள்ளலாகாதோ? ‘பத்து’ என்னும் எண்ணுப்பெயரை நோக்குங்கள். லத்தீனில் ‘தெகெம்’, போலிஷ் மொழியில் ‘ஜெஷெஞ்ச்’, வடமொழியில் ‘தச’. முன்னிரண்டிலும் உள்ள மூக்கொலி வடமொழியில் மறைந்துவிட்டது. தாய் இழந்துவிட்ட அணியை மகள் அவளிடமிருந்து எங்ஙனம் பெறுவாள்? ஆகவே வடமொழி தாயன்று, தமக்கை எனலாம்.

நாம் வழங்கும் ‘அக்கினி’யின் கதை வேறு. அது வடமொழியிலிருந்து நாம் கடனாகப் பெற்றது. ‘தீ’, ‘நெருப்பு’ என்பனவே நம் சொற்கள். ஒலி ஒத்திருத்தற்குப் பிறப்பும் காரணமாகலாம், கடனும் காரணமாகலாம். எது என்பதை ஒலிமாற்ற நெறிகொண்டே துணிதல் வேண்டும்.

அன்று வினவிய மாணவன் இன்று எங்குளனோ, அறியேன். இவ்வுரை அவன் செவிக்கு எட்டுமாயின் என் கடன் ஒருவாறு தீரும். உங்களுக்கு நான் கூறுவது இதுவே: ஆசிரியர் கூற்றேயாயினும், சான்று கேளுங்கள்.