வானிலிருந்து வரும் வழித்துணை



நம் குடும்பங்களில் லோரி ஓட்டுகிறவர்கள் உண்டு. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் புறப்பட்டுப் போனால், வழியில் மழையோ, விபத்தோ என்று வீட்டிலிருப்பவர் மனம் அடித்துக்கொள்கிறது. இக்கவலைக்கு அமெரிக்காவில் கண்ட வழியொன்றை இன்று காண்போம்.

அமெரிக்கா பரந்த நாடு. அதைக் குறுக்கே கடக்க லோரிக்குப் பல நாட்கள் பிடிக்கும். ஓர் ஊரின் பண்பலை வானொலி, அவ்வூரை விட்டு வெகுதூரம் போனதும் மங்கிவிடும். இக்குறையை நீக்கவே 2001ஆம் ஆண்டில் எக்ஸ்எம் நிறுவனமும், 2002இல் சிரியஸ் நிறுவனமும் துணைக்கோள வானொலியைத் தொடங்கின. எக்ஸ்எம்மின் துணைக்கோளங்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நாடு முழுவதற்கும் ஒலிபரப்பின. 2004இல் பெருநகரங்களின் போக்குவரத்து, வானிலைச் செய்திகளும் அதில் வரத் தொடங்கின. சிகாகோவுக்குப் போகும் ஓட்டுநர், தொலைவில் இருக்கும்போதே அங்கே பனி பெய்கிறதா, எந்தச் சாலை அடைபட்டிருக்கிறது என்று கேட்டறிய முடிந்தது. அவ்விரு நிறுவனங்களும் 2008இல் ஒன்றாயின.

துணைக்கோளம் சாலை நெரிசலைக் கண்டு சொல்கிறதா? இல்லை. அது தபால்காரரைப் போன்றது. கடிதம் எழுதுபவர்கள் தரையில் இருக்கிறார்கள். சாலையைக் கண்காணிப்போரும் வானிலை ஆய்வாளரும் திரட்டித் தருவதையே அது சுமந்து வருகிறது. அவர்கள் தாமதித்தால் செய்தியும் தாமதிக்கும். சுரங்கப்பாதைக்குள் நுழைந்தால் ஒலி நின்றும் போகலாம்.

இச்சேவைக்குச் சந்தா கட்டவேண்டும். கட்ட இயலாதவர் கதி என்ன? அந்நாட்டு அரசாங்கத்தின் வானிலை வானொலி, புயல் எச்சரிக்கையை இலவசமாகவே அறிவிக்கிறது. அதற்கென உள்ள வானொலிப் பெட்டி ஒன்று இருந்தால் போதும். உயிர் காக்கும் செய்தி, காசுள்ளவருக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாதல்லவா?

நேயர்களே, எந்த எச்சரிக்கையும் தானாக வண்டியை நிறுத்தாது. நிறுத்த வேண்டியது ஓட்டுநரின் கால். அந்தக் காலை அவசரப்படுத்துவது பல வேளைகளில் வீட்டிலிருந்து போகும் குரல்தான். "சீக்கிரம் வா" என்று சொல்வதை விடுத்து, "கனமழையென்றால் ஓரமாக நிறுத்திவிட்டு வாப்பா, நாங்கள் காத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பழகுவோம். அதற்குச் சந்தா இல்லை.