குருகிராமமும் கட்டை விரலும்

(அறநிலையத்தின் விஜயதசமி விழாவில், இலவச மாலை வகுப்பின் தொடக்கத்தையொட்டி ஆலயச் செயற்குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



விஜயதசமி நன்னாளில் குருவைப் போற்றுவது நம் மரபு. இன்று நான் ஒரு குருவின் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஹரித்துவார் யாத்திரை முடிந்து டில்லியில் இரண்டு நாள் தங்கினோம். அங்கிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், ஹரியானா மாநிலத்தில் இருக்கிறது குருகிராமம். குர்கான் என்று பலரும் அறிந்த ஊர்தான். 2016-ஆம் ஆண்டில் பெயரை மாற்றினார்கள்; பொருள் மாறவில்லை. இரண்டுக்கும் குருவின் கிராமம் என்பதே அர்த்தம். பாண்டவர்க்கும் கௌரவர்க்கும் வில்வித்தை கற்பித்த துரோணாச்சாரியார் குருதட்சணையாகப் பெற்ற ஊர் அது என்பது ஐதீகம்.

அந்தக் கிராமத்தை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1983-இல் அங்கே மாருதி கார் உற்பத்தி தொடங்கியது. பின்னர் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. 2010-இல் டில்லி மெட்ரோ ரயிலும் எட்டிவிட்டது. காலையிலும் மாலையிலும் தலைநகருக்கும் அவ்வூருக்கும் இடையே மக்கள் வெள்ளம்தான். நாங்கள் சென்ற ரயிலில், அடுத்த நிலையம் "குரு துரோணாச்சார்யா" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. என்னையறியாமல் கைகூப்பினேன். அருகில் நின்ற இளைஞர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தினமும் கேட்கும் பெயரல்லவா!

ஆனால், பழமை அங்கே மறைந்துவிடவில்லை. சீதளா மாதா கோயிலில் பக்தர்கள் திரளுகிறார்கள், குழந்தைகளுக்கு முடியிறக்குகிறார்கள். அம்மை நோய் தணிக்கும் அந்தத் தாய், துரோணரின் மனைவி கிருபியே என்பது அவ்வூரார் நம்பிக்கை. மாரியம்மனை வணங்கி வளர்ந்த நமக்கு அவள் அந்நியமானவள் அல்லள்.

என் மனத்தைத் தைத்தது வேறோர் இடம். குருகிராமத்தை ஒட்டிய காண்ட்சா என்ற பகுதியில் ஏகலைவனுக்கும் ஒரு சிறு கோயில் இருக்கிறது. குருவின் ஊரிலேயே, குரு ஏற்க மறுத்த மாணவனுக்குக் கோயில்!

கதை நீங்கள் அறிந்ததே. வேடர் குலத்து ஏகலைவனைத் துரோணர் சேர்த்துக்கொள்ளவில்லை. அவன் மண்ணால் குருவின் உருவம் செய்து, அதன் முன் தானே பயின்றான். அர்ஜுனனை மிஞ்சிவிடுவான் என்ற நிலை வந்ததும், துரோணர் அவன் வலக்கைக் கட்டை விரலைத் தட்சணையாகக் கேட்டார். தயங்காமல் கொடுத்தான். துரோணர் சாதாரணமானவர் அல்லர். சிறந்த விளையாட்டுப் பயிற்றுநர்களுக்கு இந்திய அரசு 1985 முதல் வழங்கிவரும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. அத்தகைய ஆசானும் ஓரிடத்தில் தவறினார்.

அன்பர்களே, நானும் தவறியவன். 1990-களின் தொடக்கத்தில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு ஆசிரியராக இருந்தேன். யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்தினேன். நிச்சயம் தேறுவார்கள் என்று தெரிந்த 12 பேரை மட்டும் பொறுக்கி எடுத்தேன். சேர்க்கப்படாத ஒரு பையன் தினமும் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பான். ஒரு நாள், "உனக்கு இதெல்லாம் வராதுடா, வீட்டுக்குப் போ" என்று விரட்டினேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. துரோணர் அர்ஜுனனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நான் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றினேன்.

நமது மாலை வகுப்புக்கு 30 இடங்களே உள்ளன. ஆகவே நுழைவுத் தேர்வு வைக்கலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தவனும் நானே. பெயர்ப் பதிவு நாளன்று, லாரி ஓட்டும் ஒருவர் மகளுடன் வந்து என் காலைத் தொட்டு வணங்கினார். அந்தச் சன்னல் பையன்தான். மனத்தாங்கல் எதுவும் காட்டவில்லை. "சார், பரீட்சை வச்சுத்தான் எடுப்பீங்களா? பாப்பா கொஞ்சம் மெதுவாத்தான் படிக்கும்" என்று மட்டும் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்த கூட்டத்தில் என் முன்மொழிவை மீட்டுக்கொண்டேன். செயற்குழுவும் மனமுவந்து ஏற்றது. எனவே நம் வகுப்பில் நுழைவுத் தேர்வு கிடையாது. முதல் வகுப்பு நிரம்பினால் இரண்டாவது வகுப்பு தொடங்கும். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு, உடலில் தெம்புள்ளவரை ஊதியமின்றி நானே கற்பிப்பேன்.

நன்கொடையாளப் பெருமக்களே! இரண்டாம் வகுப்புக்கு மேசை, நாற்காலி, பாடநூல்கள், இன்னோர் ஆசிரியரின் ஊதியம் ஆகியவை தேவை. கோபுரத்துக்கு வண்ணம் பூச நீங்கள் தயங்கியதில்லை. இதையும் அம்பாளின் திருப்பணியாகவே கருதிக் கைகொடுங்கள். நம் ஆலய வாசலுக்கு வந்த எந்தப் பிள்ளையும் சன்னலுக்கு வெளியே நிற்க வேண்டாம்.

அம்பாளின் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக.