பள்ளி நிலம் யாருடையது?



சவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில், பள்ளி மைதானம் யாருடையது என்று கேட்டால், சர்க்காருடையது என்று சிறுவரும் விடை கூறுவர். அது பாதி உண்மை. மறுபாதியை ஆராய்வோம்.

அமெரிக்காவில் 1785 ஆம் ஆண்டின் நிலச் சட்டம், மேற்கே அளக்கப்பெற்ற வட்டம் ஒவ்வொன்றையும் 36 பகுதிகளாக வகுத்தது. பகுதி ஒன்றுக்கு 640 ஏக்கர். அவற்றுள் 16 ஆம் பகுதி பள்ளிக்கென ஒதுக்கப்பெற்றது. பின்னர் 1910 ஆம் ஆண்டுச் சட்டம், அரிசோனாவுக்கு வட்டந்தோறும் நான்கு பகுதிகளைப் பள்ளிகளின் பொருட்டு அளித்தது. விற்பதாயின் பொது ஏலத்திலேயே விற்க வேண்டுமென்றும் விதித்தது. அந்நிலங்களைக் கொடுத்து வேறு நிலங்களைப் பெற அனுமதிக்கலாமா என்று அம்மாநிலத்தில் பலமுறை வாக்கெடுப்பு நிகழ்ந்தது. மக்கள் மறுத்தே வந்தனர். 2012 இல் இசைந்தனர். ஆயினும் ஒவ்வொரு மாற்றமும் மீண்டும் தம் வாக்குக்கு வரவேண்டும் என்ற நிபந்தனையோடுதான்!

நம் நாட்டில் பள்ளிக்கு நிலம் சேர்த்தது வாக்கன்று, ஈகை. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958 இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பணமும் பொருளும் நிலமும் உவந்தளித்தனர்.

ஈந்தவருட் பலர் மறைந்தனர். பயன்பெறுவோருட் பலர் இன்னும் பிறக்கவில்லை. இடையில் நிற்கும் நாம் காவலரே. நாளை கிராம சபையில் அமரும்போது, பள்ளி நிலத்தின் எல்லை அளக்கப்பட்டதா, பட்டா எவர் பெயரில் உள்ளது என்று கேளுங்கள். அக்கேள்வியே அந்நிலத்துக்கு வேலியாகும்.