ஒரு பெட்டியில் இரு தட்டுகள்

காகிதம் ஒன்றின் பெறுமதி எத்தகையது என்பதை மலையகத் தோட்ட மக்களுக்கு வரலாறு கடுமையாகவே கற்பித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், இந்நாட்டில் பிறந்தவரிடத்தும், அவர் தந்தையோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்கச் சொன்னது. பின்னர் 2003ஆம் ஆண்டில் உரிமை வழங்கிய சட்டமும் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியையே எல்லையாகக் கொண்டது. ஒவ்வொரு முறையும் ஒரு திகதியே மனிதரின் நிலையை நிர்ணயித்தது.

அத்தகைய ஏடுகளைப் படமெடுத்துக் கணினியில் சேமிப்பது இன்று எளிதாகிவிட்டது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், பழைய கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றைப் பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதி வாசிகசாலை ஒன்று தொகுக்க முற்படுமாயின், அதற்கு இரண்டு வன்தட்டுகளை ஏற்கும் சிறு பெட்டி ஒன்று பெரிதும் உதவும். ஆனால், அவ்விரு தட்டுகளையும் எவ்வாறு இணைப்பது என்ற வினா உடனே எழுகின்றது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஒவ்வொரு கோப்பையும் துண்டுகளாக்கி இரு தட்டுகளிலும் மாறி மாறி எழுதுவது. இதனை ‘ரெயிட் 0’ என்பர். நான்கு டெராபைட் கொண்ட இரு தட்டுகள் எட்டு டெராபைட்டாகப் பயன்படும், வேகமும் மிகும். ஆயின் ஒரு தட்டுப் பழுதுற்றால் மற்றதில் எஞ்சியவை பொருளற்ற துண்டுகளே. காணியுறுதி ஒன்றை இரண்டாகக் கிழித்து இரு டிரங்குப் பெட்டிகளில் வைப்பதை ஒத்தது இம்முறை.

இரண்டாவது ‘ரெயிட் 1’. எழுதப்படுவது யாவும் இரு தட்டுகளிலும் ஒருங்கே பதியும். கொள்ளளவு நான்கு டெராபைட் மட்டுமே. எனினும் ஒரு தட்டு நின்றாலும் வேலை நிற்பதில்லை. மூன்றாவது, இரண்டையும் இணைக்காது தனித்தனித் தட்டுகளாகவே வைத்துக்கொள்வது.

1988ஆம் ஆண்டில் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர், மலிவான பல தட்டுகளை ஒன்றிணைக்கும் முறைகளை வகுத்து ‘ரெயிட்’ எனப் பெயரிட்டனர். பிரதி செய்வதே அவர்தம் வரிசையில் முதற்படி. காப்பு எதுவுமில்லாத முறைக்குப் பூச்சியம் என்ற எண் பின்னரே வழங்கலாயிற்று. அவ்வெண்ணே ஓர் எச்சரிக்கை.

ஏடு காப்போருக்கு முதல் முறை ஆகாது. அவர்களுக்கு அத்துணை இடமும் தேவையில்லை. ஒரு பக்கத்தின் படம் ஐந்து மெகாபைட் என்றாலும், நான்கு டெராபைட்டில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பக்கங்கள் அடங்கும்.

எனின், இரண்டாம் முறை போதுமா? ஈண்டுதான் பலர் ஏமாறுகின்றனர். தவறுதலாக ஒரு கோப்பு அழிக்கப்பட்டால், அவ்வழிவும் இரு தட்டுகளிலும் ஒருங்கே பதிந்துவிடும். பெட்டி ஒன்று, மின்னிணைப்பு ஒன்று. இடைப்பருவ மழைக்காலத்து இடிமின்னல் இரண்டையும் ஒருசேரக் கெடுத்துவிடலாம். சில பெட்டிகளில் எழுதிய தட்டு வேறு பெட்டியில் வாசிக்கவும் படாது. இவை யாவற்றினும் பெரிது மண். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் பெருந்துயருற்றது. ஒரே பெட்டியிலுள்ள இரு பிரதிகள் மண்ணின் முன் ஒரு பிரதியே.

ஆதலின், இரண்டு தட்டுகளுக்கு மட்டுமே பணமுள்ள வாசிகசாலை மூன்றாம் முறையைத் தெரிவதே நன்று. ஒரு தட்டில் அன்றாடம் எழுதலாம். மாதமொருமுறை மற்றதில் பிரதியெடுத்து, அதனை மலைச்சரிவிற்கு அப்பாற்பட்ட வேறோர் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். தட்டுப் பழுதுற்றால் ஒரு மாத வேலை வீணாகலாம். ஒரு தலைமுறையின் சான்று வீணாகாது. வேலை ஒரு நாளும் தடைப்படலாகாத அலுவலகமாயின் இரண்டாம் முறையைக் கொள்க. ஆயின் மூன்றாம் தட்டு ஒன்றை வாங்கி வெளியூரில் வைத்தல் இன்றியமையாதது.

எம்முறையைக் கொள்வதாயினும் முதல் நாளிலேயே தீர்மானித்தல் வேண்டும். இடையில் முறையை மாற்றினால் பெரும்பாலான பெட்டிகள் தட்டிலுள்ளவற்றை அழித்துவிடும். வெளியூர்த் தட்டையும் இடையிடையே திறந்து, கோப்புகள் வாசிக்கத்தக்கனவா எனச் சோதித்தல் வேண்டும். மூலக் காகிதங்களையோ எக்காலத்தும் எறியலாகாது. படம் அவற்றுக்குத் துணையேயன்றி மாற்று அன்று.