ஒப்புக்குச் சப்பாணி வேண்டாம்

 

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தில் கல்வி பற்றிச் சில சொல்லுமாறு பணித்தார்கள். தேர்ச்சி பெற்றோரையும் பதவி பெற்றோரையும் பாராட்ட இம்மேடையில் பலர் உளர். நான் வீட்டின் உள்ளறையிலேயே வளரும் சில குழந்தைகளைப் பற்றிப் பேச விழைகிறேன். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு போன்றவற்றால் நடக்கவோ பேசவோ பழகவோ காலந்தாழ்த்தும் பிஞ்சுகள் அவர்கள்.

விருந்தினர் வந்தால் அக்குழந்தையை மறைக்கும் வீடுகள் நம் தெருக்களிலும் உண்டு. முன்வினைப் பயன் என்னும் ஊரார் பழிச்சொல்லுக்கு அஞ்சியே பெற்றோர் அவ்வாறு செய்கின்றனர். நம் முன்னோரை ஒதுக்கியவர்களும் அதே முன்வினையைத்தான் காரணம் காட்டினார்கள். அதை நாம் மறக்கலாமா? 1927 ஆம் ஆண்டு மகாட் நகரில், சவுதார் குளத்து நீரை அருந்த அண்ணல் அம்பேத்கர் மக்களை அழைத்துச் சென்றது தாகம் தணிக்க மட்டுமன்று. பொது இடத்தில் நமக்கும் பங்குண்டு என நிலைநாட்டவே. அப்பங்கை நம் வீட்டுக் குழந்தைக்கு நாமே மறுப்பது முறையாகுமா?

பிள்ளைகளின் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்றொரு வழக்கு உண்டு. ஆட்டத்தில் சேர்ப்பார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அச்சொல்லே கால் ஊனமுற்றவரைக் குறிப்பதுதானே! உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட வகைப்பாடு, வாழ்க்கைச் சூழலில் ஒருவர் ஈடுபடுவதையே பங்கேற்பு என்கிறது. உடலின் குறையை மட்டும் பாராது, சூழல் தடையாக உள்ளதா, துணையாக உள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்கிறது.

நான் அறிந்த தாய் ஒருவர் களையெடுக்கும் கூலித் தொழிலாளி. அவருடைய நான்கு வயது மகனுக்குப் பேச்சு வரவில்லை. இரைச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுவான். அங்கன்வாடியில் சேர்த்த முதல் வாரம், கூட்டம் சேருமுன் அரை மணி நேரம் மட்டும் அவனை அங்கே இருக்கச் செய்து, தாமும் உடனிருந்தார். பின்னர் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். பாத்திரங்களை அடுக்குவதில் அவனுக்கிருந்த விருப்பத்தைப் பணியாளரிடம் எடுத்துரைத்தார். மதிய உணவுக்குத் தட்டு வழங்கும் பொறுப்பு அவனுக்குக் கிடைத்தது. தட்டு வாங்கிய பிள்ளைகள் அவனைப் பெயர் சொல்லி அழைக்கலாயினர். அவன் இன்னும் பேசவில்லை. ஆயினும் அங்கே அவன் ஒப்புக்கு இருப்பவன் அல்லன்.

கூலிக்குச் செல்வோருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது எனக் கேட்பீர்கள். தனி நேரம் தேவையில்லை. குளிக்கும்போது சொம்பைப் பிடிக்கச் செய்யுங்கள். கடைக்குச் செல்கையில் காசை அவன் கையால் கொடுக்கச் செய்யுங்கள். ஒரு வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து, இறுதிப் படியையேனும் அவனே முடிக்க விடுங்கள். சுமை தாயின் தோளில் மட்டும் இருத்தலாகாது. தந்தையரும் தாத்தா பாட்டியரும் பங்கேற்க வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. ஒன்பது மாதத்தில் உட்காராத குழந்தையையும், ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பேசாத குழந்தையையும் காலந்தாழ்த்தாது அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு எனச் சான்று பெற்ற குழந்தைக்கு, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை வழங்குகிறது. இடமில்லை என்று எவரேனும் கூறினால், கெஞ்சாதீர்கள். சட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

இளைஞர்களே! சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அலையும் பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும், உடன் செல்வதும் உங்கள் கடமை. நம் சங்கத்தின் மாலை வகுப்பில் அத்தகைய குழந்தை ஒன்றேனும் வந்து அமர, வரும் மாதமே வழிசெய்யுங்கள். பாய் விரிக்கும் பணியையேனும் அதனிடம் ஒப்படையுங்கள். அக்குழந்தையின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறட்டும்.